மூளைக் கட்டியும் பிரிந்தவர் நினைவும்

உற்றாரை நோய்க்குப் பறிகொடுத்தோர் உள்ளத்தில் ஒரு வினா எழுவதுண்டு. "முன்னரே கண்டிருக்கக் கூடாதா?" என்பதே அது. மற்ற நோய்களில் இவ்வினா நாளடைவில் தணிந்துவிடும். ஆனால், மூளையினுள் வளர்ந்த ஒரு கட்டியால் ஒருவர் மறைந்து, அக்கட்டி இருந்த செய்தியே இறுதி நாட்களில்தான் தெரியவந்தது எனில், எஞ்சியிருப்போரை அவ்வினா எளிதில் விடுவதில்லை. அவர் பேசிய பேச்சு, மறந்த பொருள், வீணாகக் கோபித்துக்கொண்ட ஒரு மாலைப்பொழுது ஆகிய யாவும் மீண்டும் மீண்டும் நினைவுக்கு வந்து, "இதுவும் அந்நோயின் குறியாயிற்றே!" என்று நெஞ்சைச் சுடும். இந்நோய் ஏன் இவ்வாறு மறைந்திருக்கின்றது என்பதையே இவ்வுரையில் விளக்க முற்படுகிறோம். பொதுப்பொருள் பற்றிப் பேசுவோர் தம் வீட்டுச் செய்தியை எடுத்துரைப்பது மரபன்று. எனினும், இப்பொருளை நாம் வேறெங்கிருந்தும் தொடங்க இயலாதவராய் இருக்கிறோம்.

மாட்டுங்கா, செம்பூர், தாராவி ஆகிய இடங்களில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் பல கடற்கழியைத் தாண்டி நவி மும்பையில் குடியேறியிருப்பதை நேயர்கள் அறிவார்கள். நாம் நெருளில் வசிக்கிறோம். கணவரை இழந்த நம் தமக்கையார், மயிலாடுதுறையை விட்டு நம்முடன் வந்து தங்கியிருந்தார். மூன்றாம் மாடியில் மண்வாசல் ஏது? எனினும், கதவுக்கு வெளியே நடைபாதையில் மூன்று சாண் இடத்தைத் தமக்கென வகுத்துக்கொண்டு நாள்தோறும் புள்ளிக்கோலம் இடுவார். 2016ஆம் ஆண்டு மார்கழியில் அக்கோலத்தில் ஒரு குறை காணப்பட்டது. வலப்பக்கம் செவ்வையாக இருக்கும். இடப்பக்கத்தில் ஓரிரு வரிசைப் புள்ளிகள் விடுபட்டிருக்கும். பக்கத்து வீட்டாரின் செருப்பு அலமாரி அப்பக்கத்தில் இருந்ததால் இடநெருக்கடி என்று எண்ணினோம். "அக்கா, மராட்டியர் நாட்டிற்கு வந்து கோலமும் சிக்கனமாகிவிட்டதே!" என்று நகையாடவும் செய்தோம். அவரும் சிரித்தார்.

அதற்குச் சில மாதங்களுக்கு முன்னரே தலைவலி தொடங்கியிருந்தது. மூக்குக்கண்ணாடியை மாற்றினோம். சீதளம் என்றார் ஒருவர். பித்தம் என்றார் மற்றொருவர். முடிவில் மருத்துவர் ஒருவரிடம் அழைத்துச் சென்றோம். அவருக்கு மராட்டி, இந்தி, ஆங்கிலம் ஆகியவை தெரியும். தமக்கையாருக்குத் தமிழ் ஒன்றே தெரியும். ஆகவே, இடையிலிருந்து மொழிபெயர்க்கும் பணி நம்முடையதாயிற்று. தமக்கையார் கூறியவை மூன்று. காலையில் எழுந்தவுடன் தலை கனக்கிறது என்பது முதலாவது. கிறுகிறு என்று வருகிறது என்பது இரண்டாவது. "இடப்பக்கத்தில் இருப்பது எனக்கு மறந்து மறந்து போகிறது" என்பது மூன்றாவது. முதலாவதைச் சொன்னோம். ஆனால் 'காலையில்' என்ற சொல்லை விட்டுவிட்டோம். இரண்டாவதைச் 'சக்கர்' என்று இந்தியில் ஒரே சொல்லில் அடக்கினோம். மூன்றாவதை, அறுபது வயதைக் கடந்தவரின் பேச்சு என்று கருதிச் சொல்லாமலே விட்டோம். மருத்துவர் தாம் கேட்டதற்குரிய மருந்தைக் கொடுத்தார். அவர்மீது குறை கூற இடமில்லை. இருபது ஆண்டுகளாக அரசாங்கத்தின் கோப்புகளை ஒரு சொல்லும் விடாது மொழிபெயர்த்துவரும் நாம், உடன்பிறந்தவரின் ஒரு வாக்கியத்தைக் கைவிட்டோம்.

பொங்கல் கழிந்த வாரத்தில் அவர் வலிப்புக் கண்டு சமையலறையில் விழுந்தார். தலையைப் படமெடுத்துப் பார்த்தபோது, மூளையின் வலப்பாதியில், பின்புறமாக, எலுமிச்சையளவு கட்டி ஒன்றும் அதனுள் இரத்தக் கசிவும் காணப்பட்டன. அறுவைச் சிகிச்சை நடந்தது. ஒன்பதாம் நாள் உயிர் பிரிந்தது. கட்டியின் வகையைக் கூறும் திசு ஆய்வு அறிக்கை, பதினாறாம் நாள் காரியங்கள் முடிந்த பின்னரே நம் கைக்கு வந்தது. 'ஒலிகோடெண்ட்ரோகிளியோமா' என்று அதில் எழுதியிருந்தது. பழக்கம் யாரை விட்டது? அப்பெயரைப் பிரித்துத் தமிழில் எழுதிப் பார்த்தோம். 'ஒலிகோ' என்றால் சில. 'டெண்ட்ரோ' என்பது மரம். 'கிளியா' என்பது பசை. சில கிளைகளையே உடைய பசையணுக்களில் தோன்றிய கட்டி என்று பொருள். மூளையின் நரம்பிழைகளுக்கு உறைபோல் ஒரு கொழுப்புப் பொருளைச் சுற்றிவைக்கும் நுண்ணணுக்கள் உண்டு. அவ்வணுக்களை ஒத்த தோற்றமுடைய கட்டி இது. மூளைக்கட்டிகளுள்ளே அரிதானது.

இத்தகைய கட்டி எவ்வாறு பல மாதங்கள், சில வேளைகளில் பல ஆண்டுகள், மறைந்திருக்கின்றது? முதற்காரணம், மூளைக்குத் தன்னளவில் வலி தெரியாது. கையில் முள் தைத்தால் மூளை அறியும்; மூளையிலேயே முள் தைத்தால் அது அறியாது. மண்டையினுள் வலியை உணர்வன மூளையைப் போர்த்தியுள்ள உறைகளும் பெரிய இரத்தக்குழாய்களுமே. கட்டி வளர்ந்து அவற்றை இழுக்கவோ அழுத்தவோ தொடங்கிய பின்னரே தலைவலி தோன்றும்.

இரண்டாவது, மண்டையோடு மூடிய பெட்டி போன்றது. அதனுள் மூளை, இரத்தம், மூளையைச் சூழ்ந்து ஓடும் தெளிந்த நீர் ஆகிய மூன்றும் அளவாக அமைந்துள்ளன. புதியதொரு பொருள் உள்ளே வளர்ந்தால், நீர் சிறிது முதுகுத் தண்டின் பக்கம் ஒதுங்கும்; இரத்தமும் சிறிது விலகி இடங்கொடுக்கும். நெரிசல் மிகுந்த மின்சார ரயிலில் நாமெல்லாம் ஒதுங்கி நின்று ஒருவருக்கு இடங்கொடுப்பதில்லையா? அதுபோலத்தான். கட்டி மெல்ல வளருமாயின் இந்த ஏற்பாடு நெடுங்காலம் செல்லும். ஆனால், ஒதுங்க இனி இடமில்லை என்ற எல்லை ஒன்று உண்டு. அதன்பின் சிறிதளவு வளர்ச்சியும், அல்லது கட்டியினுள் சிறிது இரத்தக் கசிவும், அழுத்தத்தைச் சட்டென்று உயர்த்திவிடும். நேற்றுவரை நன்றாயிருந்தவர் இன்று விழுந்துவிட்டார் என்று நாம் திகைப்பது இதனால்தான். ஒரே நாளில் வந்த நோயன்று அது.

மூன்றாவது காரணம் நம்மைப் பெரிதும் சிந்திக்க வைப்பது. மூளையின் சில பகுதிகள் பழுதுபட்டால் கை விழும், பேச்சுக் குழறும். யாவரும் உடனே கண்டுகொள்வர். வேறு சில பகுதிகள் பழுதுபட்டாலோ, மாறுவது குணமே. நெற்றியின் பின்புறமுள்ள பகுதியில் கட்டி வளர்ந்தால், சுறுசுறுப்பானவர் சோம்பியிருப்பார். திட்டமிட்டு வேலை செய்பவர் தடுமாறுவார். வலப்பாதியின் பின்பகுதியில் வளர்ந்தால், தம் இடப்பக்கத்து உலகையே ஒருவர் பாராமல் விட்டுவிடுவார். கண் பழுதின்றி இருக்கும். கவனம் மட்டும் அங்கே செல்லாது. தட்டில் இடப்பக்கத்துக் காய்கறி உண்ணப்படாமல் கிடக்கும். கோலத்தில் இடப்பக்கத்துப் புள்ளிகள் விடுபடும். வீட்டார் இவற்றை வயதென்றும், கவலையென்றும், பிடிவாதமென்றும் எண்ணுவது இயல்பு.

இவ்விடத்தில் உலகறிந்த ஒரு வரலாற்றைக் கூற வேண்டும். மூளை அறுவை மருத்துவத்தில் வைல்டர் பென்ஃபீல்டு பெரும்புகழ் எய்தியவர். நோயாளி விழித்திருக்கும்போதே மூளையின் வெவ்வேறு இடங்களை மெல்லிய மின்சாரத்தால் தொட்டு, எந்த இடம் எச்செயலை ஆள்கிறது என்று வரைபடம் தீட்டியவர் அவர். 1924இல் ஸ்பெயின் நாட்டு மத்ரீது நகரம் சென்று, ரியோ ஒர்த்தேகா என்னும் அறிஞரிடம் அவர் பயின்றதும், பின்னர் ஆராய்ந்து எழுதியதும் எதைப்பற்றி? மேலே கூறிய சில கிளைப் பசையணுக்களைப் பற்றியே. 1928இல் அவர் கனடாவின் மான்ட்ரியால் நகரில் பணியேற்றார். சில மாதங்களில் அவருடைய தமக்கை ரூத் அங்கு வந்து சேர்ந்தார். ரூத்துக்கு வயது நாற்பதுக்குமேல். பல ஆண்டுகளாகத் தலைவலியும் பின்னர் வலிப்பும் கண்டு துன்புற்றவர். அவ்வாண்டு டிசம்பர் 11ஆம் நாள் பென்ஃபீல்டு தம் கையாலேயே தமக்கையின் மண்டையைத் திறந்தார். வலப்பக்க முன்மூளையில் பெரியதொரு கட்டி இருந்தது. எந்த அணுவைத் தம் இளமையில் நுண்நோக்காடியில் தேடித் தேடிக் கண்டாரோ, அதே அணுவின் பெயர்கொண்ட கட்டி!

அப்பக்கத்து முன்மூளையின் பெரும்பகுதியை அவர் அகற்ற வேண்டியதாயிற்று. அவ்வாறு செய்தும் கட்டியை முற்றும் எடுக்க இயலவில்லை. ரூத் பிழைத்தெழுந்து வீடு திரும்பினார். பேச்சிலும் அன்பிலும் பழைய ரூத்தாகவே இருந்தார். ஏறத்தாழ பதினைந்து மாதங்களுக்குப் பிறகு, தம்பிக்கும் வீட்டார் நால்வருக்கும் தாமே சமைத்து எளியதொரு விருந்தளிக்க அவர் விரும்பினார். அதற்கென ஒரு நாள் முழுவதும் அவருக்கு இருந்தது. குறித்த வேளையில் தம்பி வந்து பார்த்தபோது, பண்டங்கள் யாவும் அடுக்களையில் இருந்தன. ஓரிரண்டு அடுப்பின்மேலும் இருந்தன. ஆயினும் உணவு ஆயத்தமாகவில்லை. எதை முன்னே செய்வது, எதைப் பின்னே செய்வது என்று தெரியாமல் ரூத் கலங்கி நின்றார். தமக்கையின் மூளையிலிருந்து எதைத் தாம் எடுத்துவிட்டோம் என்பதைத் தம்பி அன்று கண்ணாரக் கண்டார். பின்னர் நோய் திரும்பியது. 1931இல் ரூத் மறைந்தார்.

இவ்வரலாற்றைப் படித்தபோது நமக்கு உண்டான உணர்ச்சியை ஆறுதல் என்று சொல்லுவதா என்று தெரியவில்லை. அத்துறையில் உலகப் பேரறிஞராக விளங்கியவர், அந்த அணுவையே ஆராய்ந்தவர், சிறுவயது முதல் தமக்கையை அறிந்தவர். அவருடைய குடும்பத்திலேயே அக்கட்டி ஆண்டுக்கணக்கில் மறைந்திருந்தது என்றால், மற்றவர் எம்மாத்திரம்? அக்காலத்தில் அதனைக் காணும் கருவியும் குறைவே. எக்ஸ்-ரே படத்தில் எலும்பு தெரியும், மூளை தெரியாது. மூளையின் உள்ளறைகளில் காற்றைச் செலுத்திப் படமெடுக்கும் முறையை 1918இல் டாண்டி என்பவரும், இரத்தக்குழாயில் மருந்தைச் செலுத்திப் படமெடுக்கும் முறையை 1927இல் மோனிஸ் என்பவரும் கண்டனர். நோயாளியைப் பெரிதும் வருத்தும் முறைகள் அவை. 1971ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் நாள், லண்டனையடுத்த விம்பிள்டனில் ஹவுன்ஸ்ஃபீல்டு உருவாக்கிய சி.டி. ஸ்கேன் கருவி முதன்முதலாக ஒரு நோயாளியின் தலையைப் படமெடுத்தது. முன்மூளையில் கட்டி இருக்கக்கூடுமென ஐயுறப்பட்ட பெண்மணி ஒருவரே அந்நோயாளி. கட்டி படத்தில் தெரிந்தது. ரூத் மறைந்து நாற்பது ஆண்டுகள் கடந்திருந்தன. அதன்பின் வந்த எம்.ஆர்.ஐ. முறை இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. இன்று திசுவிலுள்ள மரபுக்கூறுகளையும் ஆராய்ந்து கட்டியின் வகையை உறுதிசெய்கின்றனர். ரூத்துக்கு வந்த வகை, கதிர்ச் சிகிச்சைக்கும் மருந்துக்கும் ஏனைய பலவற்றினும் நன்கு இணங்குவது என்றும், உரிய காலத்தில் கண்டால் பலர் பல்லாண்டு வாழ்கின்றனர் என்றும் அறிகிறோம். நம்மைப் பொறுத்தவரை இதனை அறிவது ஆறுதலன்று. ஆயினும் உண்மையை மறைப்பதில் பயனில்லை.

தமக்கையை இழந்த பென்ஃபீல்டு, மூளை நோய்களை ஆராயவும் குணப்படுத்தவும் பலதுறை அறிஞர் ஒருங்கே பணிபுரியும் கழகம் ஒன்றை நிறுவுவதில் முனைந்தார். ராக்ஃபெல்லர் அறநிலையத்தின் பொருளுதவியுடன் 1934இல் மான்ட்ரியால் நரம்பியல் கழகம் திறக்கப்பட்டது. அக்கழகத்தில் பயின்றோருள் ஒருவர், கோட்டயத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த டாக்டர் ஜேக்கப் சாண்டி. அவர் 1949இல் தாயகம் திரும்பி, வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கினார். இந்தியாவிலேயே முதலாவது அதுதான். அடுத்த ஆண்டு, சீர்காழியில் பிறந்த டாக்டர் பா. இராமமூர்த்தி சென்னை அரசினர் பொது மருத்துவமனையில் இப்பணியைத் தொடங்கினார். வடநாட்டிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் நோயாளிகள் காட்பாடி ரயில் நிலையத்தில் வந்து இறங்குவதை நேயர்களுட் பலர் கண்டிருப்பீர்கள். அவ்வழியின் தொடக்கத்தில் ரூத்தின் மரணமும் ஒன்றாக நிற்கிறது என்பதைப் பலர் அறியார்.

நம் நாட்டிலும் இதற்கு நிகரானவை உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அத்துயரத்தை மறவாத அம்மையார், நிதி திரட்டி, அரசினரையும் செல்வரையும் விடாது வேண்டி, 1954இல் அடையாற்றில் புற்றுநோய் நிலையத்தைத் தொடங்கினார். அப்போது அங்கிருந்த படுக்கைகள் 12. மும்பையிலோ, மெகர்பாய் டாட்டா அம்மையார் 1931இல் இரத்தப் புற்றுநோயால் மறைந்தார். ரூத் மறைந்த அதே ஆண்டு. மறுஆண்டு அவருடைய கணவர் தொராப்ஜி டாட்டா, மனைவியின் பெயரால் இரத்தப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு ஓர் அறநிலையம் ஏற்படுத்தினார். 1941இல் பரேலில் டாட்டா நினைவு மருத்துவமனை திறக்கப்பட்டது. அதன் மற்றொரு வளாகம் கார்கரில் உள்ளது. நெருளிலிருந்து மூன்றாவது ரயில் நிலையம். எல்லாரும் மருத்துவமனை கட்ட முடியாது. அது செல்வமும் செல்வாக்கும் உடையோர் செயல். நம்போன்றோர் செய்யக்கூடியது வேறு.

அதற்குமுன் ஓர் எச்சரிக்கை. இவ்வுரையைப் படித்துத் தலைவலி உள்ளோர் யாவரும் அஞ்ச வேண்டியதில்லை. தலைவலி கோடிக்கணக்கானோர்க்கு வருவது. மூளைக்கட்டியோ உலகமுழுதும் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 3 இலட்சம் பேர்க்குக் காணப்படுவது. அதனுள்ளும் வகைகள் நூற்றுக்கு மேற்பட்டவை, ஒவ்வொன்றும் அரிது. ஆயினும், முன்னில்லாத தலைவலி வந்து வரவர மிகுவது, காலையில் எழுந்ததும் கடுமையாயிருந்து வாந்தியுடன் வருவது, நடுவயதில் முதன்முதலாக வலிப்புக் காண்பது, ஒரு பக்கத்துப் பார்வையோ கை கால்களோ தளர்வது, குணத்தில் காரணமற்ற மாறுதல் ஆகியவற்றைக் கண்டால் காலந்தாழ்த்தாது மருத்துவரிடம் செல்ல வேண்டும். கண்ணின் உட்புறத்தைக் கருவியால் நோக்கினாலே மண்டையினுள் மிகுந்த அழுத்தத்தின் அடையாளத்தைப் பல வேளைகளில் அறியலாம்.

அயல்மாநிலத் தமிழர்க்கு இங்கே தனித்த ஓர் இடர்ப்பாடு உண்டு. நாள்தோறும் உடனிருப்போர் மெல்ல வரும் மாறுதலைக் காண்பதில்லை. ஆண்டுக்கொருமுறை ஊர் செல்பவரே, "அம்மா ஏன் இப்படி ஆகிவிட்டாள்?" என்று சட்டென்று கேட்பார். "நீ வந்து நான்கு நாளில் என்ன கண்டாய்?" என்று ஊரிலிருக்கும் உடன்பிறந்தார் சினப்பதும் உண்டு. அந்த நான்கு நாள் கண்ணுக்குப் பெருமதிப்புண்டு. இனி, பெற்றோரை நம்மோடு அழைத்துவந்து வைத்திருப்போர் மருத்துவர்முன் மொழிபெயர்ப்பாளர் ஆகிவிடுகிறோம். தலைசுற்று, கிறுகிறுப்பு, மயக்கம், தலைக்கனம், கண் இருட்டல் ஆகிய ஐந்தும் தமிழில் ஐந்து நோவுகள். பிறமொழியில் நாமறிந்த ஒரு சொல்லுக்குள் அவற்றைத் திணிக்கும்போது மருத்துவர்க்குச் சேர வேண்டிய செய்தி பாதியும் போய்விடுகிறது. நமக்குப் பொருளற்றதாகப் படும் வாக்கியத்தையும் விடாது சொல்லல் வேண்டும். பொருளுள்ளதா அற்றதா என்று முடிவு செய்வது மருத்துவரின் வேலை.

சென்ற ஆண்டு நம் குடியிருப்பில் வசிக்கும் தூத்துக்குடி அன்பர் ஒருவர், தம் தாயாரின் தலைவலிக்காக மருத்துவரிடம் செல்லும்போது நம்மைத் துணைக்கு அழைத்தார். முதல்நாள் மாலை அம்மையாரின் அருகமர்ந்து, அவர் சொன்னவற்றையெல்லாம் அவர் சொன்னவாறே ஒரு தாளில் தமிழில் எழுதினோம். பதினொரு வாக்கியங்கள் வந்தன. அவற்றுள் இரண்டு மருமகளைப் பற்றியவை. ஒவ்வொன்றின் கீழும் ஆங்கிலத்தில் பெயர்த்தெழுதினோம். மருமகளைப் பற்றியவற்றை விடலாமா என்று சிறிது தயங்கினோம். பின்னர் அவற்றையும் எழுதினோம். மருத்துவர் தாளை முழுவதும் படித்தார். கண்ணைச் சோதித்தார், நடக்கச் சொன்னார், ஏழாவது வாக்கியத்தைக் காட்டி, "இது எப்போதிலிருந்து?" என்று கேட்டார். கழுத்தெலும்புத் தேய்வு என்று முடிவாயிற்று. இதற்குப் போய் அரைநாள் வேலையைக் கெடுத்துக்கொண்டீர்களே என்று, நெருள் நிலையத்தில் இறங்கும்வரை அம்மையார் நம்மைக் கடிந்துகொண்டே வந்தார்.